எட்டின் வளையத்தில் ஒரு பைன்

மாமாவின் டிரைவிங் ஸ்கூலில் ஒரு பீப்பாய் இருக்கிறது. வாங்கியபோது அது உருண்டையாக இருந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவு தெரிந்து அதற்கு நிலையான வடிவம் கிடையாது. அந்த வாரம் யார் கார் கற்றுக்கொள்கிறார்களோ அவர்கள் கொடுப்பதுதான் வடிவம்.

பயிற்சி மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டால் பெரிய எட்டு ஒன்று போட்டிருக்கும். கீழ் வளையத்துக்கு நடுவில் இந்தப் பீப்பாய். மேல் வளையத்துக்கு நடுவில் ஒரு பைன் மரம். மரம் என்று நான் சொல்வது மரியாதைக்கு. மற்றவர்கள் அதைக் கன்று என்றுதான் சொன்னார்கள். என் உயரம் இருந்தது. என் உயரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் நல்ல அபிப்பிராயம் இல்லாததால் அதற்கும் மரம் என்ற பதவி உயர்வு கிடைக்கவில்லை.

பலமுறை தோற்று ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிய ஒரு பல் டாக்டர் அதைச் சின்னத் தொட்டியில் கொண்டுவந்து மாமாவுக்குக் கொடுத்தார். "என்ன செடி சார்?" என்று மாமா கேட்டதற்கு, "பச்சையா இருந்துச்சு, வாங்கினேன்" என்றாராம். மாமா அதை இப்போதைக்கு என்று வளையத்தின் நடுவில் வைத்தார். எங்கள் குடும்பத்தில் இப்போதைக்கு என்று வைத்த எதுவும் இடம் மாறியதில்லை. என் அப்பா இப்போதைக்கு என்று சேர்ந்த வேலையிலிருந்து அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். செடியும் தொட்டியின் ஓட்டை வழியாக வேரை இறக்கி, தொட்டியை உடைத்து, சட்டப்படி குடியேறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் மாமாவுக்கு ஒரு தத்துவம் பிறந்தது.

"பீப்பாய்னா இடிப்பான் மாப்ள. மரம்னா தானா கால் பிரேக்குக்குப் போகும். உயிரோட ஒண்ணு முன்னாடி நின்னா மனுஷனுக்கு ஒரு பயம் வரும் பாரு, அதுதான் டிரைவிங். மிச்சமெல்லாம் கியர். இத்தனை வருஷத்துல எவனாவது ஒருத்தன் இந்த மரத்துல இடிச்சிருக்கானா, கேளு."

கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கேட்காமலே சொல்வார். புதிதாகச் சேர வருகிறவர்களை முதலில் ஆபீசுக்கு அழைத்துப் போவதில்லை, மரத்திடம்தான் அழைத்துப் போவார். காலையில் மைதானத்தைத் திறந்ததும் அதற்குத் தண்ணீர் ஊற்றியபடி அன்றைக்கு யார் யார் வருகிறார்கள், யாருக்குக் கிளட்ச் வராது என்றெல்லாம் அதற்கு விளக்கிக்கொண்டிருப்பார்.

"என்கிட்ட பேசினதைவிட அதுகிட்ட பேசினதுதான் அதிகம்," என்பார் அத்தை. ஸ்கூலின் ஆபீஸ், சாலைக் குறியீட்டு வகுப்பு, மாமா மூன்றையும் அத்தைதான் நடத்துகிறார். "அது திருப்பிப் பேசாதுல்ல. அந்தச் சுகம்."

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது இடத்துக்காரர் வந்தார். கடைத்தெருவில் பெயின்ட், பைப், ஆணி விற்கும் பெரிய கடை அவருடையது. மைதானமும் அவருடையது. புழுதி பறக்கிறது என்று பக்கத்துக் கட்டடத்தில் புகார் செய்ததால், வரும் சனிக்கிழமை மைதானம் முழுக்க கான்கிரீட் ஊற்றப்போவதாகச் சொன்னார். மாமாவுக்கு ஏக சந்தோஷம். இடத்துக்காரர் மரத்தைப் பார்த்துத் தாடையைத் தடவும் வரைதான் அது நீடித்தது.

"இது என்ன ஜாதி மாஸ்டர்?"

"பைன் மாதிரி முதலாளி."

"மாதிரியெல்லாம் வேண்டாம். சில மரம் வேர் விட்டுச்சுன்னா கான்கிரீட்டை அப்பளமா நொறுக்கிடும். குட்டை ஜாதின்னா இருந்துட்டுப் போகட்டும். பெரிய ஜாதின்னா சனிக்கிழமை காலையில வேரோட எடுத்துடுவேன். பேரைத் தெரிஞ்சு சொல்லுங்க."

அன்று மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சேர்ந்ததற்குக் காரணம் அன்றைக்கு அந்த வரிசைதான் சின்னதாக இருந்தது. ஆனால் உறவுக்காரர்களைப் பொறுத்தவரை நான் செடிகளுக்கு எம்.பி.பி.எஸ். படிக்கிறவன். யார் வீட்டு ரோஜா வாடினாலும் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து நிற்பார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கொஞ்சம் குறைங்க" என்பேன். அடுத்த முறை, "தண்ணி கொஞ்சம் கூட்டுங்க." இதுவரை என் கையில் எந்த ரோஜாவும் பிழைத்ததில்லை. ஆனால் கைராசிக்காரன் என்ற பெயருக்குக் குறைவில்லை.

"மாப்ள," என்றார் மாமா. அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "அந்த மரம் போச்சுன்னா நான் மறுபடியும் பீப்பாயை வச்சுதான் பொழைக்கணும். எனக்கு வேற எதுவும் சொல்லிக் குடுக்கத் தெரியாதுடா. எப்படியாவது பேரைக் கண்டுபிடி. குட்டைப் பேரா பார்த்துக் கண்டுபிடி."

புதன்கிழமை மதியம் புத்தகத்தோடு மைதானத்துக்குப் போனேன். எங்கள் துறையில் இதற்கு ஒரு முறை உண்டு. புத்தகம் ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்றால் ஒரு பக்கம், இல்லை என்றால் வேறு பக்கம். இப்படி அலைக்கழித்து, அரசாங்க ஆபீஸ் போலவே, கடைசியில் ஓர் அறையில் கொண்டுபோய் விடும். அந்த அறையில் இருப்பதுதான் பெயர்.

உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை நின்று செய்வது எனக்குப் பழக்கமில்லை. மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைக்கு எட்டிய கிளை ஒன்றைக் கிள்ளினேன். ஊசி ஊசியான இலைகள், சாம்பல் பூத்த நீல நிறம். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிளையிலிருந்து கிளம்பியிருந்தது.

முதல் கேள்வியே, "ஊசிகள் கட்டுக் கட்டாக உள்ளனவா?" பைன் என்றால் இரண்டு, மூன்று, ஐந்து என்று ஒரே உறையிலிருந்து கட்டாக வர வேண்டும். இதில் கட்டே இல்லை. எனவே இது பைன் இல்லை. எனக்கே ஒரு சிலிர்ப்பு. இத்தனை வருடமாக ஊரே பைன் என்று நம்பியதை ஒரே கேள்வியில் உடைத்துவிட்டேன். அடுத்தடுத்த கேள்விகளுக்கு மளமளவென்று பதில் சொல்லிப் போனதில் புத்தகம் என்னைக் குட்டை ஜூனிப்பர் என்ற ஊசியிலைப் புதரின் அறையில் கொண்டுபோய் விட்டது. "முழு வளர்ச்சியில் இடுப்பளவு" என்று போட்டிருந்தது.

மரம் ஏற்கெனவே என் உயரம் இருந்தது. ஆனால் புத்தகத்துக்கும் மரத்துக்கும் கருத்து வேறுபாடு வந்தால் புத்தகத்தின் பக்கம் நிற்பதுதான் எங்கள் துறையின் மரபு.

மாமாவிடம் சொன்னதும் அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அத்தை மட்டும், "இதுக்கு மேல வளராதா? அப்ப போன வருஷம் என் தோள் உயரம் இருந்தது என்ன, பொம்மையா?" என்றார். நிபுணர்கள் இப்படிப்பட்ட கேள்விகளைக் காதில் வாங்குவதில்லை.

வியாழக்கிழமை ஆய்வகத்தில் என் சாதனையை அறிவித்தேன். பக்கத்து மேஜையில் ஸ்கேல் இருந்தாள். என் வகுப்பில் முதலாவதாக வருகிறவள். பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் வைத்திருப்பாள், அதனால்தான் அந்தப் பெயர். கேன்டீனில் பிஸ்கட் சின்னதாகிவிட்டது என்று அளந்து காட்டி கேன்டீன்காரரை அழவைத்தவள். மாமாவிடம்தான் கார் கற்றுக்கொள்கிறாள். "எத்தனை டிகிரி திருப்பணும் மாஸ்டர்?" என்று கேட்டு மாமாவின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஜூனிப்பரா?" என்று பையிலிருந்து ஒரு சிறு கிளையை எடுத்துப் போட்டாள். பளிச்சென்ற பச்சை. நீளமான ஊசிகள். இரண்டிரண்டாக, ஒரே உறைக்குள்ளிருந்து. "எந்த ஜூனிப்பர்டா ஜோடி ஜோடியா ஊசி வைக்குது?"

"இதை எங்க பறிச்ச?"

"உங்க மாமா மைதானத்துல. வண்டி நடுவுல நின்னு போச்சு. மாஸ்டர் இறங்கித் தள்ளிட்டிருந்தாரு. சும்மா இருக்கறதுக்கு ஜன்னல் வழியா கையை நீட்டி உச்சியில பறிச்சேன்."

"அங்க இருக்கறது ஒரே மரம். நானும் அதுலதான் பறிச்சேன்." என் கிளையை எடுத்து அவள் கிளைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீலமும் பச்சையும். ஒற்றையும் இரட்டையும். ஒரே குடும்பம் என்று சொன்னால் இரண்டுமே மானநஷ்ட வழக்குப் போடும்.

"நீ வேற எங்கயோ வேலியில பறிச்சிருக்க."

"நீதான் வண்டியை எந்தத் தெருவுல ஏத்தினோம்னே தெரியாம நின்னிருப்ப."

"நான் ஏத்தினா எனக்குத் தெரியும். அளந்துதான் ஏத்துவேன்."

ஆய்வக உதவியாளர் எங்களை வெளியே அனுப்பும் வரை பேசினோம். அதே சூட்டில் மைதானத்துக்குப் போனோம். அவள் நின்றாள், நான் உட்கார்ந்தேன். இருவருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் புரிந்தது.

நான் இருந்த உயரத்தில் மரம் நீலம். அவள் இருந்த உயரத்தில் பச்சை. நடுவில் இரண்டும் கலந்து, ஒரே கிளையில் அடியில் ஒற்றை ஊசியும் நுனியில் இரட்டை ஊசியுமாக இருந்தது. மீசை அரும்பிய பிறகும் குரல் முழுதாக உடையாத பையன் ஒருவன் இரண்டு குரலில் மாறி மாறிப் பேசுவது போல.

"ரெண்டு பேரும் சரி," என்றாள்.

"ரெண்டு பேரும் தப்புன்னும் சொல்லலாம்," என்றேன். எனக்கு அதுதான் வசதி.

"ஆனா இது என்ன?" என்று மரத்தைச் சுற்றி வந்தாள். பச்சைக்கு நடுவில், நெஞ்சுயரத்தில், மரத்தைச் சுற்றி மறுபடியும் ஒரு நீலப் பட்டை. குளித்துவிட்டு வருகிறவர் நெஞ்சில் துண்டு கட்டியிருப்பது போல. அந்த இடத்தில் கிளை நுனிகள் எல்லாம் முறிந்து, முறிந்த இடத்திலிருந்து கொத்துக் கொத்தாகக் குட்டி நீல ஊசிகள். "கீழ நீலம், மேல பச்சைன்னா புரியுது. நடுவுல எதுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது நான் செய்வது போல, "தண்ணி கூட்டிப் பார்க்கலாம்" என்றேன்.

விடை எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஒரு பெரிய மரம் நிற்கிறது. அடியில் சைக்கிள் ஸ்டாண்ட். கல்லூரிக்குத் திரும்பியதும் சைக்கிளை எடுக்கப் போன ஸ்கேல் நின்றுவிட்டாள்.

"டேய், மேல பாரு."

பார்த்தேன். உயரமான ஒற்றைத் தண்டு. உச்சியில் மட்டும் விரித்த குடை போலப் பச்சை. தரையில் உதிர்ந்து கிடந்த ஊசிகளை எடுத்தால் இரண்டிரண்டு. தண்டில் எங்கள் துறையே அடித்த தகரப் பலகை: "குடைப் பைன்."

"ரெண்டு வருஷமா இதுக்குக் கீழதான சைக்கிளை நிறுத்தற?"

"சைக்கிள் நிறுத்தும்போது எவன் மேல பார்ப்பான்?"

மரத்துக்குக் கீழே, சுவர் ஓரத்தில், விழுந்த கொட்டைகள் தாமாக முளைத்து ஒரு பால்வாடியே நடந்துகொண்டிருந்தது. விரல் உயரக் குட்டிகள் எல்லாம் நீலம், ஒற்றை ஊசி. கொஞ்சம் பெரியவை உச்சியில் மட்டும் பச்சை ஜோடி போட ஆரம்பித்திருந்தன. சைக்கிள் ஸ்டாண்ட் பக்கமாக வளர்ந்தவற்றை மட்டும் புல் வெட்டும் இயந்திரம் அவற்றின் கழுத்தில் வெட்டியிருந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் எல்லாம் மறுபடியும் கொத்துக் கொத்தாக நீலம்.

ஸ்கேல் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "பெரிசானாலும் அடி பட்டா, பட்ட இடத்துல மறுபடியும் குழந்தை இலை விடுது."

"எங்க அப்பா வீட்டுக்குள்ள வந்தா நானும் அப்படித்தான்."

அவள் சிரித்தாள். எனக்கு அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை. பெயர் கிடைத்துவிட்டது. பெயர் மட்டும் கிடைத்திருந்தால் பரவாயில்லை. சைக்கிள் ஸ்டாண்டின் தரையும் கண்ணில் பட்டது. பதித்த கற்கள் எல்லாம் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. அவற்றுக்கு அடியில் என் தொடை பருமனில் வேர் ஓடியது. என் சைக்கிள் ஏன் தினமும் தானாக விழுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. அதற்காக நான் பக்கத்துச் சைக்கிள்காரனோடு ஒரு வருடமாகப் பேசாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆபீசில் மாமாவிடம் சொன்னோம். அத்தை சாலைக் குறியீட்டு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"குடைப் பைன், மாமா. மூணு மாடி உயரம் வரும். வேர்…" என்று நிறுத்தினேன். மாமா மைதானத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"ஆனா ஒண்ணு," என்றேன். "கீழ்க் கிளையைக் காட்டி ஜூனிப்பர்னே சொல்லிடலாம். புத்தகத்துல இருக்கு. எங்க துறையிலயே பாதிப் பேர் நம்பிடுவாங்க."

"எழுதியும் குடுப்பியா?"

"எத்தனை காப்பி வேணும்னு சொல்லுங்க."

மாமா மெதுவாகத் தலையை ஆட்டினார். "மாப்ள, ஓட்டத் தெரியாதவனுக்குத் தெரியும்னு சொல்லி நான் இதுவரைக்கும் ஒருத்தனையும் ரோட்டுக்கு அனுப்பினதில்ல. அந்தப் பல் டாக்டர் என் கையைப் பிடிச்சு அழுதாரு, அப்பவும் அனுப்பல. மனுஷனுக்கே சொல்லாத பொய்யை மரத்துக்குச் சொல்ல முடியுமா? நாளைக்கு நான் முதலாளிகிட்ட உள்ளதைச் சொல்லிடறேன்."

எழுதிக் கொடுக்க எடுத்த பேனாவை மூடிப் பையில் வைத்தேன். என் நகைச்சுவை உணர்வுக்கு இது புதிய அனுபவம்.

ஸ்கேல் மட்டும் விடவில்லை. "இன்னொண்ணு மாஸ்டர். அந்த மரத்துல இடிச்சிருக்காங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை. நெஞ்சுயரத்துல சுத்தி முறிஞ்சிருக்கு. நம்ம காரை அளந்து பார்த்தேன். பம்பர் முழங்கால் உயரம்தான். பக்கத்துக் கண்ணாடிகூட அவ்வளவு உயரம் வராது. வேற ஏதோ பெரிய வண்டி."

மாமா மின்விசிறியைப் பார்த்தார். அது நின்றிருந்தது. "காத்தா இருக்கும்மா," என்றார்.

அத்தை அட்டைகளால் வாயை மூடிக்கொண்டு, "ஆமாமா. அந்தக் காத்து காலங்காத்தால மட்டும்தான் அடிக்கும்," என்றார்.

"நீ சும்மா இரு. நம்மகிட்ட கத்துக்க வர்றவங்க விஷயம் நம்மளோட இருக்கணும்."

"நான் காத்தைத்தான சொன்னேன்?"

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் மைதானத்துக்குப் போனேன். ஸ்கேல் எனக்கு முன்பே வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே எட்டில் ஒரு வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பெயின்ட் கடையின் நீளமான சரக்கு வேன். ஓட்டுகிற இருக்கையில் இடத்துக்காரர். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்திருந்தார். பக்கத்தில் மாமா.

வேன் மேல் வளையத்தில் திரும்பியது. முன்பக்கம் மரத்தை அழகாக விலகிப் போனது. ஆனால் பின்பக்கம் குறுக்கு வழி தேடிக்கொண்டு உள்ளே வந்தது. பக்கப் பலகை மரத்தின் நெஞ்சில் சரக்கென்று உரசியது. "பிரேக்! பிரேக்! அது வைப்பர் முதலாளி!"

வண்டி நின்றது. நாங்கள் உள்ளே போனோம். பலகை முழுக்கப் பிசின் படிந்து, அதில் ஊசிகள் ஒட்டியிருந்தன. ஸ்கேல் ஒன்றைப் பிய்த்துப் பார்த்து என்னிடம் நீட்டினாள். இரண்டு ஊசி, ஒரு கட்டு.

இடத்துக்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். கடைத்தெருவில் அவரை எல்லோருக்கும் தெரியும். மலைப்பாதையில் கொட்டுகிற மழையில் தானே சரக்கு ஏற்றி வந்த கதையை வாடிக்கையாளர்களுக்கு டப்பா டப்பாவாகச் சொல்லுவார். ஓட்டியது அவருடைய டிரைவர் என்று கதையில் வராது.

"நான் சும்மா… வண்டியில ஏதோ சத்தம் வருதுன்னு…" என்றார்.

"ஆமாம் மாப்ள, சத்தம்," என்றார் மாமா உடனே. காற்றுக்குப் பிறகு, பொய் சொல்லாத மாமாவின் இரண்டாவது பொய். அதையும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

 இடத்துக்காரர் கதவைத் திறந்து இறங்கி, "விடுங்க மாஸ்டர். பசங்க பார்த்துட்டாங்க," என்றார். "கடையில ஒருத்தனுக்கும் தெரியாதுப்பா. ரெண்டு வருஷமாக் கத்துக்கறேன். எல்லாம் வருது. இந்த மரம் மட்டும் வர மாட்டேங்குது."

"அப்ப வேர் உடைக்கும்னு சொன்னது?" என்று கேட்டேன்.

"வேரும் ஒரு காரணம்தான்." மரத்தை ஒரு தடவை முறைத்தார். "நடுவுல நிக்கறது இன்னொரு காரணம்."

மாமாவும் இறங்கினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முதலாளி, பேர் தெரிஞ்சு போச்சு. குடைப் பைன். பெரிய ஜாதி. வேர் கான்கிரீட்டை உடைக்கும். மறைக்கல."

இடத்துக்காரர் மட்டுமல்ல, நானும் அதிர்ந்தேன். இப்படி மொத்தமாகவா போட்டு உடைப்பது?

"ஆனா ஒண்ணு கேட்கறேன். வளையத்துக்குள்ள கான்கிரீட் எதுக்கு? அது சக்கரம் போகாத இடம். அங்க மண்ணாவே விட்டா மரம் பாட்டுக்கு இருக்கும். வேரு பெருசாச்சுன்னா வருஷா வருஷம் நானே ஓரத்துல தோண்டிப் பார்த்து வெட்டி விடறேன்."

"சக்கரம் போகாத இடமா? இப்பதான போச்சு?"

"போகக் கூடாது. போச்சுன்னா அது என் தப்பு." மாமா வேனைத் தட்டினார். "இவ்வளவு நீள வண்டிக்கு நான் கார் ஓட்டற மாதிரியே சொல்லிக் குடுத்துட்டேன். மரத்துல இடிச்ச ஒரே ஆளு நீங்கதான்னு உங்க மேல எனக்கு உள்ளுக்குள்ள கோபம் வேற. உங்ககிட்ட சொல்லவும் கூச்சம், எனக்கே ஒத்துக்கவும் கூச்சம். பின்சக்கரம் எப்பவும் உள்பக்கமாத்தான் வரும் முதலாளி. முன்பக்கம் மரத்தைத் தாண்டினதும் திருப்பாதீங்க. பொறுங்க. கண்ணாடியில மரம் தெரியட்டும், அப்புறம் திருப்புங்க. இப்ப ஒரே ஒரு எட்டு. மரத்துல படாம வந்தீங்கன்னா வளையத்தை விட்டுடுங்க. பட்டுச்சுன்னா கடப்பாரையை நானே எடுக்கறேன்."

"என்னங்க!" என்றார் அத்தை. அவர் எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. கையில் டீ டம்ளர்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டில் கான்கிரீட் கலக்கும் லாரி வந்து நின்றது. மேஸ்திரியும் ஆட்களும் இறங்கி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தோதான இடம் பிடித்தார்கள். இடத்துக்காரர் அவர்களைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். இனிமேல் வண்டியில் ஏறாமல் இருக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

ஏறினார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, சுண்டுவிரலைக்கூட அசைக்கவில்லை. கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

கீழ் வளையத்தில் பீப்பாய் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வேன் நடுக்கோட்டைத் தாண்டி மேல் வளையத்துக்கு வந்தது. நான் மரத்தை நெருங்கி நின்றேன். அதைக் காப்பாற்றுவதற்கு என்னால் எதுவும் செய்ய முடியாது, ஆனால் தூரத்தில் நிற்கவும் முடியவில்லை.

முன்பக்கம் மரத்தைத் தாண்டியது. அவர் திருப்பவில்லை. வேன் நேராக மைதானத்தின் சுற்றுச்சுவரை நோக்கிப் போனது. மேஸ்திரியின் ஆட்களில் ஒருவர், "யோவ், சுவரு!" என்று கத்தினார். அத்தை டீயைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். மாமாவின் உதடுகள் மட்டும் அசைந்தன: "பொறுங்க… பொறுங்க… தெரியுதா?"

"தெரியுது! தெரியுது!" என்று உள்ளிருந்து அலறல். ஸ்டியரிங் சுழன்றது. வேனின் மூக்கு சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பின்பக்கம் உள்ளே சரிந்து வந்தது, வந்துகொண்டே இருந்தது. பலகை மரத்துக்கு எதிரே வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். காற்றில் ஊசிகள் சரசரத்தன. அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது வேன் எட்டை முடித்து நடுவில் நின்று குலுங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேல் பலகை போன இடத்துக்கும் மரத்துக்கும் நடுவில் தன் ஸ்கேலைப் பிடித்தபடி சிலைபோல நின்றிருந்தாள். "படல," என்றாள். "ஸ்கேல் மட்டும் கொஞ்சம் வளைஞ்சிருச்சு."

மாமா வேனிலிருந்து இறங்கி, நேராக மரத்திடம் வந்து அதன் தலையைத் தொட்டார்.   திரும்பி என் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அத்தை, "கால் எரியுதே, யாராவது கேட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இடத்துக்காரர் வண்டியை விட்டு இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேஸ்திரியின் பக்கம் திரும்பி, தினமும் செய்கிற காரியம் போல, "என்ன வேடிக்கை? அந்த வளையத்தை விட்டுட்டு மிச்ச இடத்துல ஊத்துங்க," என்றார்.

ஸ்கேல் மரத்தில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் சுண்ணாம்புக் கட்டியை வைத்து வட்டம் போடத் தயாரானாள். "எவ்வளவு விடணும் சார்? மரத்துக்கு இவ்வளவு போதும்."

இடத்துக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் அருகில் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொஞ்சம் பெருசாவே போடும்மா. திருப்பறதுக்குச் சுலபமா இருக்கும். அடுத்த வாரம் நான் தனியா ஓட்டணுமாம், மாஸ்டர் பக்கத்துல உட்கார மாட்டேன்னுட்டாரு."